புள்ளியில் தொடங்கும் ஃபைல்

எனக்குக் கோபம் வந்தால் கத்திவிடுவேன். உள்ளே வைத்துப் புழுங்குகிற பழக்கம் எனக்குக் கிடையாது. சலவைக் கடையில் வேலை. பெரிய பெரிய டிரம்கள் நாள் முழுக்கச் சுழன்றுகொண்டே இருக்கும் இடத்தில் மெல்லப் பேசினால் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது. அங்கே பழகிய தொண்டையை வீட்டு வாசலில் செருப்போடு சேர்த்துக் கழற்றி வைக்கவா முடியும்? என் வீட்டுக்காரர் எனக்கு நேர்மாறு. அவர் பேசுவது கேட்க வேண்டுமென்றால் மின்விசிறியை நிறுத்த வேண்டும். இப்படி ரெண்டு பேரை எந்தப் புண்ணியவான் சேர்த்துவைத்தானோ, சேர்த்துவைத்துவிட்டான், நாங்களும் குப்பை கொட்டிவிட்டோம்.

அவர் ஒரு பார்சல் கிடங்கின் ஆபீசில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டவர். அங்கே அவருக்குச் 'சந்தேகம்' என்று பட்டப்பெயர். போனில் கூப்பிடுகிறவர்கள்கூட "சந்தேகம் சார் இருக்காரா?" என்றுதான் கேட்பார்கள். கதவைப் பூட்டினால் இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பார். ஆபீசில் எல்லாரும் கிளம்பின பிறகு அன்றைய வேலையை இன்னொரு டிஸ்கில் காப்பி எடுப்பார். எடுத்துவிட்டால் கிளம்ப வேண்டியதுதானே? மாட்டார். எடுத்ததைத் திறந்து பார்ப்பார். "காப்பி எடுத்தா போதாது, தொறந்து பாக்கணும்" என்பார். அந்தத் திறந்து பார்க்கிற வேலையால் நாங்கள் தவறவிட்ட சினிமாக் காட்சிகள் கொஞ்சநஞ்சமல்ல.

அவருடைய தம்பிக்குத் தொழில் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். நான் கல்யாணமாகி வந்தபோது பள்ளிக்கூடத்தில் இருந்த என் கொழுந்தன், இப்போது பெரிய கம்பெனி ஒன்றில் சர்வர்களைக் கவனித்துக்கொள்கிறான். எனக்கு அவன் கொழுந்தன் பாதி, பிள்ளை பாதி.

நோய் முதலில் அவருடைய இடது கையில் தெரிந்தது. சட்டைப் பொத்தான் போட வரவில்லை என்றார். டாக்டர் நீளமாக ஒரு பெயரைச் சொன்னார். நரம்புகள் தசைகளை ஒவ்வொன்றாகக் கைவிட்டுவிடுமாம். கை, கால், நாக்கு என்று வரிசையாகப் போகுமாம். மூளைக்கு மட்டும் ஒன்றும் ஆகாதாம். "எல்லாத்தையும் புடுங்கிட்டு மூளைய மட்டும் விட்டு வெக்கிறதுக்குப் பேரு நோயா?" என்று நான் அங்கேயே கத்தினேன். நர்ஸ் எட்டிப் பார்த்தாள். இவர் என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். அப்போது அவருடைய வலது கை நன்றாகத்தான் இருந்தது.

அவர் அழாமல் இல்லை. ஒரு நாள் முழுக்க அழுதார். மறுநாள் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து தன் கம்ப்யூட்டரைத் திறந்தார். லினக்ஸ் என்று, கம்ப்யூட்டரை ஓட்டுகிற ஒரு சிஸ்டம், அதுதான் அவருக்கு எல்லாம். தட்டினதை உரக்கப் படிக்கிற ஒரு புரோகிராமை அதில் ஏற்றினார். பிறகு எண்கள் மட்டும் இருக்கிற சின்னக் கீபோர்டு ஒன்றை வாங்கி வந்தார். "எல்லாம் போனாலும் ஒரு வெரல் கொஞ்ச நாள் நிக்கும். ஒரு வெரலுக்கு இது போதும்" என்றார். இரண்டு எண்ணை அடுத்தடுத்து அழுத்தினால் ஒரு முழு வாக்கியத்தைக் கம்ப்யூட்டர் பேச வேண்டும். அந்த வாக்கியங்களைத்தான் அவர் கை இருந்த காலமெல்லாம் உட்கார்ந்து எழுதினார்.

பதினொன்று தண்ணீர். பன்னிரண்டு தலையணை. இதெல்லாம் யாரும் எழுதக்கூடியதுதான். அவர் எழுதினதில் ஆளுக்கு ஆள் தனித்தனி வாக்கியம் இருந்தது. அறுபத்து நான்கு டாக்டருக்கு. டாக்டர்கள் சக்கர நாற்காலியைக் கண்டதும் அதில் இருப்பவரை விட்டுவிட்டு என்னிடம்தான் பேசுவார்கள். "நைட்டு தூங்குறாரா?" என்று ஒருவர் என்னைக் கேட்டார். இவர் விரல் அசைந்தது. "டாக்டர், நான் இங்கதான் இருக்கேன், என்கிட்டயே கேளுங்க" என்றது மடியில் இருந்த பெட்டி. அந்த மனுஷன் தன் நாற்காலியை இவர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

எனக்கானது இருபத்து மூன்று. "கத்தாத, எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது." இதைத்தான் அதிகம் அழுத்தினார். நான் கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிடுவார். வெளியூரில் நர்சிங் படிக்கும் எங்கள் மகள்கூட, நான் போனில் குரலை உயர்த்தினால் "அம்மா, இருவத்தி மூணு" என்பாள்.

கம்ப்யூட்டரின் குரல் ரயில்வே அறிவிப்பு மாதிரி தட்டையாக இருக்கும். அதற்குக் கோபமும் தெரியாது, கிண்டலும் தெரியாது. அதனால் அவர் வாக்கியங்களுக்கு நடுவே கால்புள்ளி போட்டுப் போட்டு அது எங்கே நிற்க வேண்டும் என்று பழக்கினார். "கத்தாத" என்று சொல்லிவிட்டு அது ஒரு மூச்சு நிற்கும். அந்த இடைவெளியில்தான் எனக்குச் சிரிப்பு வரும். ஒரு கால்புள்ளிக்காக ஒரு மத்தியானம் முழுக்க மல்லுக்கட்டின மனுஷன் அவர்.

இந்த வாக்கியங்கள் எல்லாம் ஒரே ஒரு ஃபைலில் இருந்தன. அதைத் தேடினால் கிடைக்காது. "பேருக்கு முன்னாடி ஒரு புள்ளி வெச்சா, அந்த ஃபைல் கண்ணுக்குத் தெரியாது" என்று அவர் எனக்கு விளக்கினார்.

"யாருகிட்ட இருந்து ஒளிக்கிறீங்க?"

"ஒளிக்கல. செட்டிங்ஸ் எல்லாமே அப்படித்தான் இருக்கும். வீட்டுல மீட்டர் பெட்டிய மாடிப்படிக்குக் கீழ வெக்கிறோம்ல? தெரியாம கை பட்டுடக் கூடாது, அவ்வளவுதான்."

தொண்ணூற்று ஒன்பது என்று ஓர் எண் இருந்தது. ஒருமுறை துணியால் கீபோர்டைத் துடைக்கும்போது என் விரல் ஒன்பதில் பட்டது. அப்போது அவருக்கு நாக்கு பாதி போயிருந்தது. இருந்தும் பதறிப்போய், "அத அமுக்காத. அது உனக்கு. அப்புறம்" என்று குழறினார். அப்புறம் என்றால் எப்புறம் என்று நான் கேட்கவில்லை. எனக்குப் புரிந்தது. கீபோர்டைத் துடைக்கும்போது ஒன்பதை மட்டும் விட்டுவிடுவேன். அந்தச் சாவி மேல் தூசி படிந்தே கிடந்தது.

கடைசியில் அவர் சொன்னபடியே ஆயிற்று. எல்லாம் போய் வலது ஆள்காட்டி விரல் மட்டும் மிஞ்சியது. அந்த விரலும் கண் இமைகளும். இமையை ஒருமுறை நீளமாக மூடினால் ஆமாம். இரண்டு முறை சிமிட்டினால் இல்லை. வேறு வழி இல்லாத நேரத்துக்கு எழுத்துப் பலகை ஒன்று செய்து வைத்திருந்தோம். வரிசை வரிசையாக எழுத்தைத் தொட்டுக் காட்ட வேண்டும், அவர் சரியான இடத்தில் இமையை மூட வேண்டும். தமிழில் எழுத்துக்குப் பஞ்சமா? ஒரு சொல் முடிவதற்குள் அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்துவிடும். எண்கள் இருந்ததால் அந்தப் பலகை அலமாரிக்குப் பின்னால் கிடந்தது.

கம்ப்யூட்டர் பழையதாகிவிட்டது. சூடு ஏறிப் பாதி வாக்கியத்தில் அணைந்துபோகும். "தலையணையைக் கொஞ்சம்" என்று சொல்லிவிட்டுச் செத்துவிடும். கொழுந்தன் பார்த்தான், அவனாகவே புதிதாக ஒன்றை வாங்கிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தான். நல்லது செய்யத்தான் வந்தான். அதை நான் மறுக்கவே இல்லை.

பழையதையும் புதியதையும் மேஜைமேல் வைத்து ஒயரால் இணைத்தான். அண்ணன் விரலடியில் இருந்த சின்னக் கீபோர்டைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தான். மாடி வீட்டு டிரைவரும் வந்து கதவோரம் நின்றார். பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர், இவரோடு செஸ் ஆடுகிறவர். பழைய கம்ப்யூட்டரை அவருடைய பேத்திக்குக் கொடுப்பதாக ஏற்பாடு. கருப்புத் திரையில் கொழுந்தன் மளமளவென்று ஏதோ தட்டினான்.

அப்போதுதான் இவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"என்னங்க, தலையணையா?" என்றேன். இரண்டு சிமிட்டல். "தண்ணியா?" இரண்டு சிமிட்டல். "பாத்ரூமா?" இரண்டு சிமிட்டல். சத்தம் கூடியது. கண் திரையிலேயே நிலைகுத்தி நின்றது.

"ரெண்டு நிமிஷம்ண்ணா, பேச்சு வந்துடும்" என்றான் தம்பி. அண்ணன் பார்க்க ஆசைப்படுகிறார் என்று நினைத்து, நன்றாகத் தெரியட்டும் என்று திரையை அவர் பக்கம் திருப்பியும் வைத்தான். இவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். நான் அசதி என்று நினைத்து நெற்றியைத் துடைத்துவிட்டேன்.

காப்பி முடிந்தது. போட்டோ, பாட்டு, அவருடைய பழைய ஆபீஸ் வேலை, எல்லாம் வந்துவிட்டதா என்று தம்பி திறந்தும் பார்த்தான். அண்ணனிடம் கற்றவன் அல்லவா? அண்ணன் இன்னொன்றும் கற்றுக்கொடுத்திருந்தார். பழைய கம்ப்யூட்டரை யாருக்குக் கொடுத்தாலும், யாராலும் தோண்டி எடுக்க முடியாதபடி சுத்தமாக அழித்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். டிரைவர் காத்துக்கொண்டு நின்றாரே, அதையும் கையோடு செய்து முடித்தான். பிறகு சின்னக் கீபோர்டைப் புதியதில் சொருகி, அண்ணனின் விரலை எடுத்து அதன்மேல் வைத்தான்.

"பேசுண்ணா."

இவர் அழுத்தினார். ஒன்றும் வரவில்லை. மறுபடி அழுத்தினார். வரவில்லை. தம்பி திரையைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தான்.

"புள்ளி" என்றான். "புள்ளி வெச்சது வரல அண்ணி."

அவன் போட்ட கட்டளையில் ஒரு நட்சத்திரக் குறி இருந்ததாம். நட்சத்திரம் என்றால் எல்லாவற்றையும் எடு என்று அர்த்தமாம். ஆனால் புள்ளியில் தொடங்குகிறவை அந்த எல்லாவற்றில் சேராதாம்.

"எல்லாம்னா எல்லாம் தானேடா?" என்றேன்.

அவன் ஓடிப்போய்ப் பென்டிரைவை எடுத்தான். ஞாயிறுதோறும் வந்து அதில் காப்பி எடுத்து வைத்துக்கொண்டிருந்தவன் அவன்தான். "பயப்படாதீங்க அண்ணி, இதுல இருக்கும்." ஒவ்வொரு வாரமாகத் திறந்தான். ஒவ்வொரு வாரமும் அதே நட்சத்திரம். போட்டோ இருந்தது, பாட்டு இருந்தது, என் வீட்டுக்காரரின் பேச்சு மட்டும் எதிலும் இல்லை. டிரைவர் கையில் வாங்கின கம்ப்யூட்டரை மெதுவாக மேஜைமேல் வைத்துவிட்டு மாடிக்குப் போனார்.

இவருக்கு அது முதலிலேயே தெரிந்திருக்கிறது. திரையில் அந்தக் குறியைப் பார்த்துவிட்டுத்தான் தொண்டையால் கத்தியிருக்கிறார். சொல்லத் தெரிந்த ஒரே ஆள் அவர், சொல்லுகிற வாய் மேஜைமேல் ஒயரோடு கிடந்தது.

நான் கத்துவேன் என்று தம்பி காத்துக்கொண்டு நின்றான். நானும் வாயைத் திறந்தேன். சத்தமே வரவில்லை. "போ" என்றேன், எனக்கே கேட்காத குரலில். அவன் போனான். நாலு அறை அறைந்திருந்தால்கூட அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு வீடு வீடாகவே இல்லை. பலகையை அலமாரிக்குப் பின்னாலிருந்து எடுத்துத் துடைத்தேன். தண்ணீர் என்ற ஒரு சொல்லுக்கு நானும் அவரும் மூச்சு வாங்கினோம். புரோகிராம் என்னவோ புதியதில் இருந்தது, எழுத்து எழுத்தாகத் தட்டினால் பேசும் என்றும் தம்பி சொல்லியிருந்தான். ஆனால் ஒரு எழுத்துக்கே பல அழுத்து வேண்டும். விரலும் முன்புபோல இல்லை. இன்னும் கொஞ்ச நாள்தான் என்று டாக்டர் போன தடவையே ஜாடையாகச் சொல்லியிருந்தார். கை இருந்தபோது மாசக்கணக்கில் எழுதினதை அந்த விரலை வைத்து எப்படி மறுபடியும் எழுதுவது? பெட்டி இருக்கிறது, குரல் இருக்கிறது, சொல்லுவதற்கு ஒன்றும் இல்லை.

நானும் பேசவில்லை. கடையில் முதலாளியம்மா, "என்னம்மா, தொண்டை கட்டிக்கிச்சா?" என்று கேட்டார். தலையை ஆட்டிவிட்டு இஸ்திரிப் பெட்டியை எடுத்தேன். வீட்டுக்கு வந்தால் செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றுவேன். ஊட்டிவிடுவேன், துடைத்துவிடுவேன், திருப்பிப் படுக்க வைப்பேன். அவர் கண் என் பின்னாலேயே வரும். யார்மேல் கத்துவது? நல்லது செய்ய வந்தவன் மேலா? வாயில்லாதவர் மேலா? தம்பி தினமும் போன் செய்தான். நான் எடுக்கவில்லை.

மகள் வழக்கம்போல் ஒரு சாயங்காலம் அப்பாவிடம் பேசக் கூப்பிட்டாள். போனை ஸ்பீக்கரில் போட்டு அவர் காதோரம் தலையணையில் வைத்தேன். அவள் பேசினாள், இவர் பக்கம் அமைதி. "சரி, நானே சொல்லிக்கிறேன்பா" என்றாள். ரயில்வே அறிவிப்புக் குரலில், நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "படுத்துக்கிட்டுப் பேசாத, உன் கொட்டாவி, இங்க வரைக்கும் கேக்குது. நாப்பத்தி ரெண்டு. எந்திரிச்சு உக்காந்துட்டேன்பா."

அவர் இமையை நீளமாக மூடினார். கண்ணோரத்தில் தண்ணீர் வழிந்தது. நான் அந்த இடத்திலேயே நின்றேன். கால்புள்ளிகூடத் தப்பாமல் அவளிடம் அது இருக்கிறதே என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அப்படியானால் என்னிடமும் இருக்க வேண்டும். இருபத்து மூன்றைச் சொல்லிப் பார்த்தேன். தலைகீழாகக் கேட்டாலும் சொல்லுவேன்.

கொழுந்தனுக்குப் போன் போட்டேன்.

"வேலை இருக்கு, வா" என்றேன்.

"அண்ணி..."

"வான்னா வா."

அவன் முகத்தை ஷேவ்கூடச் செய்யாமல் வந்தான். அண்ணனை நிமிர்ந்து பார்க்கவில்லை. உட்கார்ந்து தட்ட ஆரம்பித்தான். நான் சொல்லச் சொல்ல ஒவ்வொரு வாக்கியமாக உள்ளே போயிற்று. ஒவ்வொன்றையும் கம்ப்யூட்டரைப் பேசவைத்து அண்ணனுக்குக் காட்டினான். சரி என்றால் ஒரு இமை. தப்பு என்றால் இரண்டு. சந்தேகம் சும்மா விடுவாரா? கால்புள்ளி ஒரு சொல் தள்ளிப்போனாலும் சிமிட்டினார்.

மாடி டிரைவர் தனக்குச் சொன்னதைக் கொண்டுவந்தார். "சார் என்கிட்ட என்ன சொல்லுவார்னா, 'நல்லா ஆடுறீங்க, பலே' அப்படீம்பார்."

இரண்டு சிமிட்டல்.

"இல்லியா? 'எப்படி இப்படி யோசிக்கிறீங்க' அப்படீன்னு..."

இரண்டு சிமிட்டல், இன்னும் வேகமாக.

டிரைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "யோசிக்கிற மாதிரி நடிக்காதீங்க, நகத்துங்க" என்றார். நீளமாக ஒரு இமை. தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்திருக்க வேண்டும், வரவில்லை.

டாக்டருக்கானது என்னிடம் இருந்தது. மகள் போனில் தனக்கானதையெல்லாம் ஒப்பித்தாள். தம்பி தனக்குரிய எண்ணுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. "முப்பத்தி ஒண்ணு" என்றான். "எனக்குத் தெரியும் அண்ணி, நானே போட்டுக்கிறேன்." தட்டினான், பேசவைத்தான். "டேய் தடியா, ஹெல்மெட் எங்க, மண்டையாவது இருக்கா?" என்றது பெட்டி. இவர் இமையை மூடித் திறந்தார். விரலை நகர்த்தி அந்த மூன்றையும் ஒன்றையும் தானே ஒருமுறை அழுத்தினார். பெட்டி மறுபடியும் சொன்னது. தம்பி மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். நான் தடுக்கவில்லை, அவன் தலையில் கையை மட்டும் வைத்தேன்.

முடிந்தபின் காப்பி எடுத்தான். இந்த முறை நட்சத்திரம் இல்லை, புள்ளியோடு சேர்த்து எடுக்கிற வேறு கட்டளை. தட்டிவிட்டு எண்டரை அழுத்தவில்லை. திரையை அண்ணன் பக்கம் திருப்பி, "சரியாண்ணா?" என்று கேட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். இவர் ஆர அமரப் படித்தார். இமை மூடியது. அப்புறம்தான் எண்டர். இன்றுவரைக்கும் எங்கள் வீட்டில் அந்த இமை மூடாமல் யாரும் எதையும் காப்பி எடுப்பதில்லை.

வெறுமையாக நின்ற எண்கள் சில. யாரிடமும் சொல்லாதவை, அல்லது கேட்டவர்கள் மறந்தவை. அவர் ஒன்றிரண்டைப் பலகையில் காட்டினார், மற்றதை விடு என்று சிமிட்டிவிட்டார். கடைசியில் தம்பி கேட்டான். "அண்ணி, தொண்ணூத்தி ஒம்போது?"

அது யாரிடமும் இல்லை. யாரும் கேட்காததை யார் வைத்திருப்பார்கள்? நான் பலகையை எடுத்துக்கொண்டு அவர் முன்னால் உட்கார்ந்தேன். "அதுல என்ன இருந்துச்சு?"

அவர் எழுத்துகளைக் காட்ட ரொம்ப நேரம் ஆயிற்று. நீளம். அந்த ஒரு சொல்தான் வந்தது.

எனக்குக் கோபம் வந்தது. நீளமாக எழுதியிருக்கிறார். என்னைப் பற்றி, எனக்கு, நீளமாக. நாக்கு இருந்தது, கை இருந்தது, நானும் பக்கத்திலேயே இருந்தேன். சொல்லாமல் சாவிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறார், அப்புறத்துக்காக. "இருக்கிறப்பவே சொல்லியிருக்கலாம்ல?" என்று கேட்டேன். அதுகூட மெல்லத்தான் வந்தது. அவர் ஆமாம் என்று மூடின இமையை வெகுநேரம் திறக்கவில்லை.

"ஏதாவது நானே போடட்டுமாண்ணா?" என்றான் தம்பி. இரண்டு சிமிட்டல். கண்ணால் கீபோர்டைக் காட்டினார். தானே தட்டுவாராம்.

"அந்த வெரல வெச்சுக்கிட்டா? இருக்கிறதையும் தேய்ச்சு முடிச்சுடாதீங்க" என்றேன். அவர் பார்வையை எடுக்கவில்லை. சரி, அவர் விரல், அவர் பாடு.

தம்பி லீவு போட்டுவிட்டு அண்ணனோடு இருந்தான். நான் கடைக்குப் போய்விட்டு வந்தால் திரை சுவர்ப்பக்கம் திரும்பியிருக்கும். "எவ்வளவு ஆச்சு?" என்று கேட்பேன். "சொல்லக் கூடாதாம் அண்ணி." சில நாள் ஒரு எழுத்தோடு சரி. சில நாள் விரல் எழும்பவே இல்லை, தம்பி அதை வெந்நீர்த் துணியால் சுற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கடையில் நான் வேட்டி, சட்டை, படுக்கை விரிப்பு என்று தேய்த்துத் தள்ளினேனே தவிர, மனசெல்லாம் இங்கேதான். என்ன எழுதுகிறார்? பிரியாவிடையா? மன்னிப்பா? மகள் கல்யாணமா? எதுவாக இருந்தாலும் அதை எந்த நாளில் கேட்கப்போகிறேன் என்று நினைத்ததும் இஸ்திரிப் பெட்டியை இன்னும் அழுத்தித் தேய்ப்பேன்.

ஒரு சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போது தம்பி வாசலுக்கே வந்தான். "முடிஞ்சுது அண்ணி. உள்ள வாங்க, அமுக்கப்போறார்."

"இப்பவா? அது அப்புறம்னு சொன்னதுதானே?"

"இப்பவாம்."

கையைக்கூடக் கழுவாமல் அவர் முன்னால் போய் நின்றேன். விரல் ஒன்பதுக்குப் போனது. ஒருமுறை அழுத்தியது. இரண்டாவது தடவைக்கு எழும்ப மறுத்தது. தம்பி உதவக் கையை நீட்டினான், நான் தட்டிவிட்டேன். மெல்ல, மெல்ல எழும்பி விழுந்தது.

பெட்டி அந்தத் தட்டைக் குரலில் சொன்னது. "நீ கத்து, வீடு ரொம்ப அமைதியா இருக்கு."

நான் கத்தினேன். ஐயோ, எப்படிக் கத்தினேன்! வருஷக்கணக்கில் கத்தாத கத்தாதன்னு என் உயிரை எடுத்துவிட்டு இப்போது கத்தச் சொல்கிறீர்களா என்று கத்தினேன். நீளமா எழுதினதை ஒளித்துவைத்தீர்களே, நீங்கள் எல்லாம் ஒரு மனுஷனா என்று கத்தினேன். நட்சத்திரம் போட்டானே உங்கள் அருமைத் தம்பி, அவனைப் பெற்றார்களா செய்தார்களா என்று கத்தினேன். என்னை விட்டுவிட்டுப் போகத்தானே பார்க்கிறீர்கள் என்றும் கத்தினேன். மாடியில் நாற்காலி நகர்ந்தது. தம்பி சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றான், அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. நான் மூச்சு வாங்க நிறுத்தினபோது அவருடைய விரல் நகர்ந்தது. இரண்டு. மூன்று.

"கத்தாத, எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது."

அவர் காலடியில் உட்கார்ந்து அவர் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

அந்த விரலும் இப்போது அசைவதில்லை. இமை மட்டும் இருக்கிறது. பழைய தொண்ணூற்று ஒன்பதில் என்ன எழுதியிருந்தார் என்று எனக்குத் தெரியாது, இனித் தெரியப்போவதும் இல்லை. அது எனக்கு வலிக்கிறது, வலிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். கடையிலிருந்து வந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு நானே ஒன்பதை இரண்டு முறை அழுத்துகிறேன். பெட்டி சொல்கிறது. நான் கத்த ஆரம்பிக்கிறேன், பஸ்ஸில் இடம் கிடைக்காததில் தொடங்கி முதலாளியம்மா வரைக்கும். பாதியில் அவர் இரண்டு முறை சிமிட்டுகிறார். எனக்கு அது இருபத்து மூன்று.